அவிசாவளை எந்த ஆண்டுகளில் புகையிரதச் சந்தியாக இருந்தது?

கேள்வி கேட்டவர் கொழும்பில் இருப்பவர். அவருடைய பூட்டனார் யட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்தவர். அங்கிருந்து புறப்பட்டு "அவிசாவளையில் கோச்சி மாறி" கொழும்பு மருதானைக்கு வருவார் என்று வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்களாம். இன்று அவிசாவளைக்குப் போனால் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது, மாறி ஏற இன்னொரு கோச்சி இல்லை. கதை உண்மையா, அந்தச் சந்தியை ஏன் மூடினார்கள், போய்ப் பார்த்தால் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அவிசாவளை எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை சந்தியாக, அதாவது பாதை இரண்டாகப் பிரியும் நிலையமாக, இருந்தது? அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றுக்கு விடை தானாக வரும்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஆண்டுகளை முதலில் தருகிறேன். களனிவெளிப் பாதை மருதானையிலிருந்து அவிசாவளை வரை 1902இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1903இல், தெஹியோவிட்ட, கரவனெல்லைப் பக்கமாக யட்டியாந்தோட்டைக்கு நீண்டது. 1912இல் அவிசாவளையிலிருந்து எஹலியகொடை, குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்கு இன்னொரு பாதை பிரிந்தது. அது பிறகு கஹவத்தை ஊடாக ஓப்பநாயக்க வரை போனது. 1942இல் யட்டியாந்தோட்டைப் பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓப்பநாயக்கப் பக்கம் போன பாதையும் மூடப்பட்டது. 1990களில் கொழும்பு – அவிசாவளைப் பகுதி மட்டும் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இன்று நாங்கள் போய்வருவது அந்தத் துண்டில்தான்.

இதை வைத்துக் கணக்குப் பாருங்கள். 1903 முதல் 1912 வரை அவிசாவளை சந்தி அல்ல; யட்டியாந்தோட்டைக்குப் போகும் ஒரே பாதையில் நடுவில் இருந்த நிலையம். 1912 முதல் 1942 வரையான முப்பது ஆண்டுகள் மட்டுமே அது சந்தி. 1942க்குப் பிறகு மறுபடியும் நடுவழி நிலையம், ஆனால் இந்த முறை இரத்தினபுரித் திசைக்கு. 1976க்குப் பிறகு கடைசி நிலையம். ஆகவே மூடப்பட்டது நிலையம் அல்ல, சந்தி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் "அங்கே சந்தியே இருந்ததில்லை" என்று ஒருவரும் "எழுபதுகள் வரை இருந்தது" என்று இன்னொருவரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பூட்டனாரின் கதை 1912–1942 காலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். யட்டியாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு வருபவர் அவிசாவளையில் இறங்கி மாற வேண்டிய கட்டாயம் எல்லா ஆண்டிலும் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சந்தி என்றால் மூன்று வகையாக நடத்தலாம். கொழும்புக் கோச்சி ஒரு கிளைக்கு நேராகப் போக, மற்றக் கிளைக்கு இணைப்புக் கோச்சி விடலாம். அல்லது ஒரே கோச்சியில் இரண்டு ஊர்ப் பெட்டிகளையும் கொண்டுவந்து, சந்தியில் பிரித்து இரண்டு எஞ்சினில் மாட்டலாம். அப்படியென்றால் பயணி ஆசனத்தை விட்டு எழும்ப வேண்டியதில்லை. அல்லது நேரத்துக்கு நேரம் இரண்டையும் கலந்து நடத்தலாம். எது நடந்தது என்பதை அந்த ஆண்டின் நேர அட்டவணைதான் சொல்லும். அட்டவணையில் ஒரே நிரலில் நேரங்கள் இடைவிடாமல் யட்டியாந்தோட்டை முதல் மருதானை வரை ஓடினால் மாற்றம் இல்லை. அவிசாவளையில் நிரல் முறிந்து, வந்த நேரமும் புறப்படும் நேரமும் வேறு வேறு நிரலில் இருந்தால் மாறியிருக்கிறார். யட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து இரத்தினபுரிக்குப் போனவராக இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, மாறித்தான் போயிருக்க வேண்டும்.

இந்தப் பாதையை ஏன் சின்னதாகப் போட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் முடிவின் விதை அங்கேயே இருக்கிறது. பிரதான பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மில்லிமீற்றர். களனிவெளியில் போட்டது 2 அடி 6 அங்குலம், 762 மில்லிமீற்றர். குறும்பாதை என்றால் வளைவை இறுக்கிப் போடலாம், மலையை வெட்டும் வேலை குறையும், பாலத்துக்கு இரும்பு குறையும், தண்டவாளத்தின் கீழ் குறுக்கே போடும் சிலிப்பர் கட்டை 9 அடிக்குப் பதிலாக 5 அடி போதும். தேயிலையும் இறப்பரும் காரீயமும் (பென்சிலுக்குள் வைக்கும் கனிமம்) அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அதற்கு முன் களனி கங்கையில் படகுகளில் வந்துகொண்டிருந்தன. ஆறு வற்றினாலும் சிக்கல், பெருகினாலும் சிக்கல். தோட்டத்துரைமார் கேட்டது மலிவாகவும் விரைவாகவும் ஒரு வழி, கிடைத்தது குறும்பாதை. கட்டும்போது மிச்சம் பிடித்ததை ஓட்டும்போது கொடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பாதையின் வேகனை மற்றப் பாதைகளில் ஓட்ட முடியாது. எஞ்சின், பெட்டி, உதிரிப்பாகம், பட்டறை வேலை எல்லாமே தனி. தலைமன்னார் வழியாகவோ கண்டியிலிருந்தோ வரும் சரக்கு களனிவெளிக்குப் போகவேண்டுமென்றால் கொழும்பில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.

நாட்டின் இன்னொரு குறும்பாதைக்கும் இதே தலைவிதிதான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன பாதை அது. நானுஓயாச் சந்தியில் ஒவ்வொரு தேயிலைப் பெட்டியையும் சின்ன வேகனிலிருந்து தோளில் தூக்கிப் பெரிய வேகனில் வைக்க வேண்டியிருந்தது. தோட்டத்து வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் லொறியோடு இப்படிப்பட்ட பாதை போட்டிபோட முடியாது. அதுவும் 1940களில் முடிந்துபோனது.

சந்தி வேலை எப்படி நடந்தது என்று கேள்வியில் இல்லை. ஆனாலும் இது தெரியாமல் தரையில் எதைத் தேடுவது என்று விளங்காது. ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி எதிரெதிரே வந்துவிடாமல் காப்பது டேப்லட் என்னும் உலோகத் தகடு. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைத்த டேப்லட் பெட்டி ஒவ்வொன்று இருக்கும். ஒரு துண்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டேப்லட்டைத்தான் வெளியே எடுக்க முடியும். அது மறுமுனைப் பெட்டிக்குள் போகும்வரை, அல்லது எடுத்த பெட்டிக்கே திரும்பும்வரை, அடுத்தது வராது. அதைக் கையில் வாங்காமல் டிரைவர் நகரக்கூடாது. சாதாரண நிலையத்தில் இரண்டு பக்கத்துக்கு இரண்டு பெட்டி போதும். சந்தியில் மூன்று பக்கம். கொழும்புப் பக்கம், யட்டியாந்தோட்டைப் பக்கம், இரத்தினபுரிப் பக்கம் என மூன்று பெட்டி வேண்டும். ஒரு பக்கத்து டேப்லட் இன்னொரு பக்கத்துப் பெட்டியில் நுழையாதபடி வெட்டுக்கள் வேறு வேறாக இருக்கும். அவசரத்தில் டேப்லட் மாறிப் போய்விடக்கூடாது என்பதற்கு அந்த இரும்பு வெட்டுத்தான் கடைசிக் காவல்.

அடுத்தது பொயின்ட். கோச்சி எந்தக் கிளைக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கும் அந்த நாக்குத் தண்டவாளம், முகப்பில் வரும் கோச்சியின் கீழ் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் முன்சக்கரம் ஒரு பாதைக்கும் பின்சக்கரம் மறுபாதைக்கும் போய்விடும். அதனால் பயணிகள் கோச்சி போகும் முகப்புப் பொயின்டுக்குத் தனிப் பூட்டு இருக்கும். பூட்டு விழாமல், வரலாம் என்று காட்டும் சிக்னல் இறங்காது. இரண்டு கிளையிலிருந்தும் ஒரே நேரத்தில் கோச்சி வந்தால் ஒன்றை வெளியே நிறுத்தித்தான் மற்றதை உள்ளே எடுப்பார்கள். இங்கேதான் சந்தியின் உண்மையான பலவீனம் இருக்கிறது. ஒரு கிளைக் கோச்சி இருபது நிமிடம் பிந்தினால், இணைப்புக்காகக் காத்திருக்கும் மற்றக் கிளையும் கொழும்புப் பாதையும் சேர்ந்து பிந்தும். ஒற்றைப் பாதையில் எதிரே வரும் கோச்சிகளும் ஆங்காங்கே காத்துக் கிடக்கும். மழைக்காலத்தில் ஒரு மண்சரிவு போதும், அன்றைய நாள் முழுவதும் குழம்பிவிடும்.

ஏன் மூடினார்கள் என்பதற்கு எல்லாரும் சொல்லும் விடை, உலகப் போரில் தண்டவாளம் தேவைப்பட்டது என்பது. 1942இல் தண்டவாளம் கழற்றப்பட்டது உண்மை. அந்த ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பின் மீதே ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட காலம் அது; உருக்குக்கு எங்கும் தட்டுப்பாடு. ஆனால் போர், மூடிய நேரத்துக்குத்தான் காரணம் சொல்கிறது. எத்தனையோ பாதைகள் இருக்க இந்தத் துண்டை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பதற்கு அது போதாது. என் பார்வையில் அதற்கான காரணம் வரைபடத்திலேயே கிடக்கிறது. இன்றைய ஏ7 வீதி அவிசாவளை, தெஹியோவிட்ட, கரவனெல்லை, யட்டியாந்தோட்டை என்று அதே பள்ளத்தாக்கில் அதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. பஸ்ஸும் லொறியும் பெருகியபின் மிக எளிதாக இழக்கக்கூடிய துண்டு அதுதான். கழற்றிய தண்டவாளம் மத்திய கிழக்குப் போர்முனைக்குக் கப்பலேறியது என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் செவிவழிச் செய்தியாகத்தான் வைத்திருக்கிறேன். அனுப்பிய பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் உங்கள் குடும்ப வரலாற்றில் எழுதிவிடாதீர்கள். 1976இன் மூடல் வேறு கதை. அங்கே போர் இல்லை. பயணிகளை 1958இல் அரசுடைமையான பஸ் சேவை எடுத்துக்கொண்டது, சரக்கை லொறி எடுத்துக்கொண்டது, தனி அளவுப் பாதையைப் பராமரிக்கும் செலவு மட்டும் குறையவில்லை.

ஆண்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூடிய திகதியாக ஓரிடத்தில் ஓர் ஆண்டும் இன்னோரிடத்தில் வேறோர் ஆண்டும் கண்டால் உடனே ஒன்றைப் பிழையென்று தள்ளவேண்டாம். ஒரு பாதைக்கு நான்கு முடிவுகள் உண்டு: கடைசிப் பயணிகள் கோச்சி ஓடிய நாள், கடைசிக் குட்ஸ் ஓடிய நாள், அதிகாரபூர்வமாக மூடியதாக அறிவித்த நாள், தண்டவாளத்தைக் கழற்றி முடித்த நாள். இவற்றுக்கிடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி வரலாம். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

இனித் தரையில் என்ன மிஞ்சும் என்பது. அவிசாவளை நிலைய வளவுக்குள் தேடுவதில் பலன் குறைவு. அகலப் பாதை போட்டபோது பழைய யார்ட் புதியதன் கீழ் மறைந்துவிட்டது. அதோடு அது கோச்சி ஓடும் பாதை, நிலைய அதிபரின் அனுமதி இல்லாமல் தண்டவாளத்தில் இறங்குவது ஆபத்தும் குற்றமும். பார்க்க வேண்டியது பாதை முடிவதற்கு அப்பால் இரண்டு திசையிலும். பழைய கோச்சிப் பாதை இன்று பெரும்பாலும் குறுக்கு வீதியாகவோ வீட்டு வளவாகவோ இறப்பர்த் தோட்டத்துக்குள் மேடாகவோ இருக்கும். ஊரில் ஒருவர் "இதுதான் கோச்சி றோட்" என்று காட்டினாலும் மூன்று சோதனை செய்து பாருங்கள்.

முதலாவது ஏற்றம். இராகலைப் பாதையே 24க்கு 1 என்ற ஏற்றத்தில் போனது, அதாவது 100 மீற்றருக்கு ஏறத்தாழ 4 மீற்றர். இந்த நாட்டுக் கோச்சிப் பாதைக்கு அது மிகவும் செங்குத்து. நீங்கள் நிற்கும் வழி அதைவிட அதிகமாக ஏறினால் அது கோச்சிப் பாதை அல்ல. இரண்டாவது வளைவு. 20 மீற்றர் நாடாவை வளைவின் வெளி ஓரத்தில் இரண்டு புள்ளிகளுக்கிடையே இறுக்கிப் பிடித்து, நாடாவின் நடுவிலிருந்து ஓரம் வரை உள்ள தூரத்தை அளவுங்கள். இதைப் பாதைக்காரர் வேர்சைன் என்பார்கள். பத்துப் பத்து மீற்றராக நகர்த்தி மறுபடி அளவுங்கள். 50, 52, 49 சென்ரிமீற்றர் என்று அளவு ஏறக்குறைய மாறாமல் வந்தால் அது அளந்து போட்ட கோச்சி வளைவு. 20, 70, 35 என்று துள்ளினால் வண்டிப்பாதை. ஆரையும் இதிலேயே கிடைக்கும்: நாடாவின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, வேர்சைனின் எட்டு மடங்கால் பிரித்தால் சரி. 20 மீற்றருக்கு அரை மீற்றர் வந்தால் ஆரை 100 மீற்றர். பின்னாளில் வீதியாக அகலப்படுத்திய இடங்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். ஓரம் வெட்டப்படாத துண்டில் அளப்பது நல்லது.

மூன்றாவது கல்லும் இரும்பும். தண்டவாளத்தையும் பாலத்தின் இரும்பு உத்தரத்தையும் கழற்றிக்கொண்டு போவார்கள், கரைத் தூணைக் கழற்ற மாட்டார்கள். ஓடைக்கு இரு கரையிலும் செதுக்கிய கருங்கல் சுவர், மேலே உத்தரம் உட்கார்ந்த கல்லில் ஆணி இறக்கிய துளைகள் தெரிந்தால் கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். வேலித் தூணாக நிற்கும் பழைய தண்டவாளத் துண்டின் பக்கவாட்டைக் கம்பித் தூரிகையால் துடைத்தால் செய்த கம்பெனி, ஆண்டு, ஒரு யாருக்கு எத்தனை இறாத்தல் என்ற எடை ஆகியவை எழும்பிய எழுத்தில் இருக்கும். 80, 88 போன்ற எண் இருந்தால் அது அகலப் பாதையிலிருந்து வந்தது. அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் குறும்பாதையாக இருக்கலாம். ஆனால் தண்டவாளத் துண்டு லொறியில் ஏறி எந்த ஊருக்கும் போகும், அதை மட்டும் வைத்து இடத்தைத் தீர்மானிக்க வேண்டாம். சிலிப்பர் கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. 5 அடி நீளமும், உள்பக்க ஆணித்துளைகளுக்கிடையே 70 சென்ரிமீற்றர் சொச்சமும் இருந்தால் அது 762 மில்லிமீற்றர்ப் பாதையின் கட்டை. தண்டவாளத்தின் அடி தலையைவிட அகலமானதால் துளைகளின் இடைவெளி பாதை அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். போவதென்றால் சனவரி, பெப்ரவரியில் போங்கள். மற்ற மாதங்களில் அந்தப் பக்கத்து மழையில் வெட்டுப்பள்ளங்கள் புதர் மண்டிக் கிடக்கும், அட்டைக் கடியும் தாங்காது.

கொழும்பிலேயே செய்யக்கூடிய வேலை அதைவிட முக்கியம், முதலில் அதை முடியுங்கள். நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களத்தில் அவிசாவளைப் பகுதியின் பழைய ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடத் தாளைக் கேளுங்கள். ஒரே தாளின் வெவ்வேறு பதிப்புகள் கிடைத்தால் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். யட்டியாந்தோட்டைக் கோடு ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பதிப்பு ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு என்பதை ஓரக்குறிப்பில் கவனியுங்கள். கோடு மறைந்தபின்னும் சில ஆண்டு பழைய அளவையிலேயே அச்சிடுவதுண்டு. பிறகு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் புகையிரதப் பொது முகாமையாளரின் ஆண்டு நிர்வாக அறிக்கைகள். எல்லாவற்றையும் புரட்டத் தேவையில்லை, 1911 முதல் 1913 வரையும் 1940 முதல் 1943 வரையும் போதும். பாதை நீளத்தைக் காட்டும் அட்டவணையை முதலில் எடுங்கள். குறும்பாதையின் மொத்த மைல் எந்த ஆண்டில் குறைகிறதோ அந்த ஆண்டின் அறிக்கையில்தான் காரணமும் இருக்கும். தமிழில் தேட விரும்பினால் வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. 1942 மூடல் இரண்டின் காலத்துக்குள்ளும் வருகிறது. போர்க்காலத் தணிக்கையால் செய்தி ஒரு வரியாகச் சுருங்கியிருக்கலாம், அதனால் செய்திப் பக்கத்தோடு நிறுத்தாமல் புகையிரதத் திணைக்கள அறிவித்தல் விளம்பரங்களையும் பாருங்கள்.

பூட்டனாரைப் பொறுத்தவரை அவர் பிறந்த ஆண்டைக் கண்டுபிடிப்பதே அடுத்த வேலை. தோட்டத்துப் பிறப்புப் பதிவு இல்லாவிட்டால் பிள்ளைகளின் பதிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம். அவர் 1912க்கு முன்பே யட்டியாந்தோட்டையை விட்டுப் போனவர் என்று தெரிந்தால் வீட்டுக் கதையில் வரும் அவிசாவளை இடைநிறுத்தம் மட்டுமே, சந்தி அல்ல. 1912க்கும் 1942க்கும் இடையில் போய்வந்தவரென்றால், அந்த ஆண்டின் நேர அட்டவணையில் அவிசாவளை வரியைப் பார்த்தால் அவர் இறங்கி மாறினாரா, பெட்டியோடு மாட்டப்பட்டு வந்தாரா என்பது வரை சொல்லிவிடலாம்.